விட்ட கதை தொடுதல்: பொன்னியின் செல்வனில் கூறியது கூறல்

நூலுக்குரிய சிதைவுகள் எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைக்கும் பத்தனுள் முதற்கண் நிற்பது கூறியது கூறல். நன்னூலாரும் பத்துக் குற்றம் தொகுக்குமிடத்து இதனை விட்டாரல்லர். இலக்கண நூலை நோக்கி எழுந்த இவ்விதியைக் கதை நூலுக்கும் கொண்டு வந்து, அதனையே அளவுகோலாகப் பிடித்து நெடுந்தொடர்கதைகளைக் குறைகூறும் வழக்கம் தமிழ்த் துறைகளில் நெடுநாளாக உண்டு. யாமும் அவ்வழக்கத்திற்கு உட்பட்டிருந்தோம். முசிறியில் மாணாக்கர்க்குப் புதின இலக்கியம் கற்பித்த ஆண்டுகளில், கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம், நடந்த நிகழ்ச்சியையே மாந்தர் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் பகுதிகள் வார இதழின் பக்கங்களை நிரப்புவதற்கு எழுந்த மிகை என்றே கூறிவந்தோம். அவற்றை நீக்கினால் ஐந்து பாகம் மூன்று பாகமாகச் சுருங்கும் என்றும், சுருங்கின் நூல் சிறக்கும் என்றும் உரைத்ததுண்டு. அக்கூற்றில் பெரும்பகுதி பிழை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். எவ்வாறு உணர்ந்தோம் என்பதும், பிழை போக எஞ்சி நிற்பது யாது என்பதும் ஈண்டு ஆராயப்பெறும்.

அந்நாளில் மாணாக்கியொருவர் எம் கருத்தை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். தம் ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படிப்பவர், ஒவ்வொரு நாளும் முதல்நாட் கதையைச் சிறிது சொல்லிய பின்னரே அன்றைய கதைக்குட் புகுவார் என்றும், நேற்று வயல் வேலையால் வாராதவர் இன்று வந்து அமர்ந்திருப்பர் ஆதலின் அது வேண்டுவதே என்றும், கல்கி செய்ததும் அதுவே என்றும் அவர் எழுதியிருந்தார். கோயில் வாயிலுக்கும் நூலுக்கும் வேறுபாடு உண்டு என ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அவர் சொல்லியது முழு விடையன்று என்று இன்றும் கருதுகின்றோம். ஆயினும் அன்று எம்மிடம் அரை விடையும் இருந்ததில்லை.

முசிறி என்றவுடன் சங்கப் பாடல்களிற் பயிலும் சேரர் துறைமுகத்தை எண்ணுவார்க்கு ஒரு சொல்: இஃது அம்முசிறியன்று, குளித்தலைக்கு எதிரே, காவிரியின் வடகரையில் அமைந்த ஊர். இவ்வூரில் எம் இல்லத்தில் 'பொன்னியின் செல்வன்' நூலாக வாங்கப்பட்டதில்லை. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டு 'கல்கி' இதழில் வந்த அத்தொடரின் பக்கங்களை மட்டும் எம் அத்தையார் வாரந்தோறும் பிரித்தெடுத்து, பாகத்திற்கு ஒன்றாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் தீட்டிய சித்திரங்கள் அவற்றில் இருந்தன. சில பக்கங்களின் பின்புறத்தில் சோப்பு விளம்பரமும் சமையற் குறிப்பும் பாதியளவில் நின்றன. பள்ளிப் பருவத்தில் முதல் மூன்று கட்டுகளையும் படித்தோம். நான்காவதும் ஐந்தாவதும் அக்கரை உறவினர் ஒருவர் படிக்கக் கொண்டுபோயிருந்தார். ஆற்றைக் கடந்த அவ்விரு கட்டுகளும் மீளவில்லை. கதை 'கொலைவா'ளின் முடிவில் நின்றுவிட்டது. பின்னர்ப் பட்டப்படிப்புக்குச் சென்றபோது தொடர்கதை படிப்பது தமிழ் பயில்வார்க்கு அழகன்று என்னும் எண்ணம் எம்மைச் சூழ்ந்திருந்தது. ஆகவே எஞ்சிய கதையைப் பிறர் வாய்க் கேட்டும், திறனாய்வு நூல்களிற் கண்டும் அறிந்துகொண்டு, அவ்வறிவையே கொண்டு பாடமும் நடத்தினோம். முழுதும் படியாத நூலின் நீளத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறினோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

மணிரத்னத்தின் திரைப்படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பகுதிகளாக வெளிவந்தபோது, படம் பார்த்த மாணாக்கர் பலர் நூலின் முடிவைப் பற்றி எம்மை வினவினர். திருச்சிக்குச் சென்று நான்காம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் மட்டும் வாங்கினோம். முதலிலிருந்து தொடங்குவதா, விட்ட இடத்திலிருந்து தொடர்வதா என்பது நெடுங்கதைக்கு மீள்வார் யாவர்க்கும் எழும் வினா. யாம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினோம். அதற்குச் சோம்பலும் ஒரு காரணம். நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் வரும் வாசகனை இந்நூல் எவ்வாறு ஏற்கும் எனக் காணும் விருப்பம் மற்றொரு காரணம்.

நினைவில் நின்றவை யாவை, நில்லாதவை யாவை என்று முதலில் குறித்துக்கொண்டோம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் நின்றான். ஆழ்வார்க்கடியானின் கைத்தடியும் வாய்ச்சண்டையும் நின்றன. கோடிக்கரை இருளில் படகு செலுத்தும் பூங்குழலி நின்றாள். நாகைச் சூடாமணி விகாரத்தில் இளவரசர் மறைந்திருப்பதும், அவர் கடலில் மூழ்கினார் என நாடு நம்பி அழுவதும் நின்றன. நில்லாதவை காரணங்கள்: யார் யாரை எதற்காக ஐயுற்றனர், எவ்வோலை எவர் கையிற் சிக்கியது, சம்புவரையர் மாளிகையிற் கூடியவர் எவரெவர். இடமும் குரலும் உருவமும் நிலைத்திருக்க, சூழ்ச்சியின் பின்னல் முற்றும் கரைந்திருந்தது. இஃது எமக்கே உரிய குறையன்று என்பதை இதே நூலைப் பல்லாண்டுக்குப் பின் படித்த நண்பர் சிலரை வினவியும் அறிந்தோம்.

இந்நிலையில் 'மணிமகுட'த்தைத் திறந்தால் முதல் அத்தியாயம் கெடிலக் கரையில் நிகழ்கின்றது. யாம் வாங்கிய பதிப்பில் முன்கதைச் சுருக்கம் இல்லை. ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து கடம்பூர் நோக்கிச் செல்கிறான். பார்த்திபேந்திரனும் கந்தமாறனும் உடன் செல்கின்றனர். வழியில் அவனுடைய பாட்டனாராகிய திருக்கோவலூர் மலையமான் வந்து காண்கிறார். கடம்பூருக்குப் போக வேண்டா எனத் தடுக்கிறார். அடுத்த அத்தியாயம் பாட்டனும் பேரனும் உரையாடுவதே. நிகழ்ச்சி எனத் தக்கது அங்கு மிகக் குறைவு. முன் மூன்று பாகங்களில் நாம் கண்டறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையுமே முதியவர் எடுத்துரைக்கிறார். எம் பழைய அளவுகோலின்படி இது தெளிவான கூறியது கூறல்.

எனின், அற்றன்று. மலையமான் கூறுவன யாவும் ஒரு முடிவை நோக்கிக் கூறப்படுகின்றன. 'போகாதே' என்பதே அவர் சொல்ல வந்தது. ஏனையவெல்லாம் அதற்குச் சான்று. ஆகவே, மறந்துவிட்ட வாசகன் கதையைத் திரும்பப் பெறும்போது செய்தியாக மட்டும் பெறுவதில்லை. அச்சத்தோடு சேர்த்துப் பெறுகின்றான். மறவாத வாசகனோ, தான் தனித்தனியே அறிந்திருந்த செய்திகள் ஒரு முதியவரின் நெஞ்சில் ஒன்றுகூடி எவ்வளவு கனக்கின்றன என்பதைக் காண்கின்றான். அதன் மேலும் ஒன்றுண்டு. கரிகாலன் இவற்றைக் கேட்டும் கேளாதவன் போல் புறப்படுகின்றான். அறியாமற் போய் மாண்டான் எனின் அது விபத்து. எல்லாவற்றையும் ஒருங்கு கேட்ட பின்னும் சென்றான் ஆதலின் அவன் சாவு வேறு தன்மை பெறுகின்றது. பாட்டனாரின் கூறியது கூறலை நீக்கிவிட்டால் நூலின் நடுவிலுள்ள அவலம் நீங்கிவிடும். பக்கம் சுருங்கும், நூல் சிறவாது.

கந்தமாறன் வழியாக யாம் பெற்ற பட்டறிவு இன்னும் கூர்மையானது. வந்தியத்தேவன் தன்னை முதுகிற் குத்திய துரோகி என அவன் உறுதியாக நம்புகின்றான், சொல்லியும் திரிகின்றான். அவனைக் குத்தியவர் யார் என்பதை யாம் மறந்திருந்தோம். எனவே சில அத்தியாயங்கள் வரை அவன் சொல்வதில் ஏதேனும் உண்மை இருக்குமோ என ஐயுற்றே படித்தோம். வந்தியத்தேவன் பொய் சொல்ல அஞ்சாதவன் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. பின்னர் மனம் பொறாமல் முதற் கட்டை எடுத்துப் பார்த்தோம். தஞ்சைக் கோட்டைச் சுரங்க வழியிற் குத்துண்டு கிடந்தவனைத் தோளிற் சுமந்து சென்று சேந்தன் அமுதனின் வீட்டிற் சேர்த்துக் காத்தவனே வந்தியத்தேவன். எமக்கு வெட்கமாயிற்று. நண்பனை ஐயுற்ற கந்தமாறனை மூடன் என்று இளமையில் எள்ளியவர் யாமே. நினைவிழந்தபின் அவன் நின்ற இடத்திலேயே யாமும் நின்றோம். இடையறாது படித்தவர் இவ்விடத்தைப் பெறார்.

இவ்வாறு நோக்கத் தொடங்கியபின், நூலெங்கும் நிகழும் மீட்டுரைகளைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தோம். அவற்றுட் பெரும்பாலானவை முன் கூறியதை அவ்வண்ணமே கூறுவன அல்ல. நூற்பெயருக்குக் காரணமாகிய நிகழ்ச்சியையே கொள்வோம். குழந்தையாயிருந்தபோது காவிரியில் விழுந்த அருள்மொழியை ஒரு பெண் எடுத்துக் காத்தாள். அரண்மனையார் காவிரித் தாயே வந்து காத்தாள் என்று நம்பிப் பொன்னியின் செல்வன் எனப் பெயரிட்டனர். இது முதலில் ஒரு தெய்வக் கதையாக வருகின்றது. ஈழத்தில் ஊமை அரசியைக் கண்டபின் அதே கதை ஒரு மானிடப் பெண்ணின் அன்புக் கதையாகின்றது. சுந்தர சோழரின் இளமைக் கதையோடு சேரும்போது, கைவிடப்பட்டவள் கைவிட்டவன் மகனைக் காத்த கதையாகின்றது. நிகழ்ச்சி ஒன்று, கூறல் மூன்று, பொருளும் மூன்று. நந்தினியின் வரலாறு இதனினும் சிக்கலானது. கரிகாலன் சொல்லும் நந்தினி ஒருத்தி. ஆழ்வார்க்கடியான் சொல்பவள் ஒருத்தி. அவளே தன்னைப்பற்றிச் சொல்லும்போது வேறொருத்தி. அவள் யார் மகள் என்பதற்கு விடைகள் அடுக்கப்படுகின்றன. அடுத்த விடை வந்தவுடன் முன்னது ஆட்டம் காண்கின்றது. கடைசி விடையையும் நம்புவதற்கு எமக்குத் துணிவு பிறக்கவில்லை.

ஆதித்த கரிகாலன் கொலையோ இம்முறையின் உச்சம். சோழர் வரலாறு கற்றார்க்கு இதில் மறைபொருள் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்பாரைச் சுட்டுகின்றது. உத்தம சோழனுக்குப்பின் 985-இல் இராசராசன் அரியணை ஏறுவதும் யாவரும் அறிந்ததே. அநிருத்தரும் கற்பனை மாந்தரல்லர். கொள்ளிடத்தின் வடகரையில் இலால்குடிக்கு அருகிலுள்ள அன்பிலின் பெயரால் வழங்கும் செப்பேடு, சுந்தர சோழன் அவருக்கு நிலமளித்ததைக் கூறுவது. இத்தனையும் தெரிந்த வாசகனைக் கல்கி எங்ஙனம் பிடித்து வைக்கிறார்? கொலை நிகழும் அறையை இருளாக்குகிறார். அதன்பின் பலரைக் கொண்டு அவ்விருளைப் பற்றிப் பேசுவிக்கிறார். நாடு வந்தியத்தேவன்மேற் பழி சுமத்துகின்றது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்கிறார். பேசப் பேசத் தெளிவு குறைகின்றது. கல்வெட்டு தீர்த்து வைத்த வழக்கை மீட்டுரைகளால் மீண்டும் திறந்துவிடும் இவ்வன்மையை யாம் மிகை என்று கூறிவந்தோம்.

இனி, மாந்தரை அடையாளங்காட்டும் முறை. பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்கள், வானதியின் மயக்கம், இரவிதாசனின் ஆந்தைக் குரல் ஆகியன எத்துணை முறை வருகின்றன என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டோம். இவை காப்பிய அடைமொழிகளின் வழித்தோன்றல்கள். வாரம் ஒருமுறை படித்தவர்க்கு உதவியவை, நாற்பதாண்டுக்குப்பின் படித்த எமக்கும் உதவின.

தமிழ்க் காப்பிய மரபு மீட்டுரையைக் குற்றமாகக் கருதியதில்லை என்பதற்கும் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியோடு அரங்கத்தை அடைந்து, ஓடமேறி ஆற்றைக் கடந்து உறையூர் சேர்ந்த கதையைச் சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில் உரைக்கின்றது. எம் பகுதி வாசகர்க்கு இது சொந்த ஊர்க் கதை. அக்காப்பியம் வஞ்சிக் காண்டத்திற்கு வந்தபோது களமும் தலைவனும் மாறிவிடுகின்றனர். கேட்போன் விட்ட கதையைத் தொடுவதற்கு ஒரு வழி வேண்டும். நீர்ப்படைக் காதையில் கங்கைக் கரைக்கு மாடலன் வருகிறான். செங்குட்டுவனுக்குப் பழங்கதையைக் கூறுகிறான். அவன் கூறுவதில் நாம் அறிந்ததும் உண்டு. கோவலன் கண்ணகியரின் பெற்றோர்க்கு நேர்ந்தது, மாதவி துறந்தது என நாம் அறியாததும் உண்டு. அறிந்ததன் நடுவே அறியாததை வைப்பதால் அறிந்ததும் புதிதாகக் கேட்கப்படுகின்றது. கல்கியின் முறை இதுவே. அவர் இளங்கோவடிகளிடமிருந்து இதனை எடுத்தார் என்று கூற யாம் துணியவில்லை. கதை சொல்லும் தொழிலே இதனைக் கற்பித்திருக்கலாம்.

கம்பர் நிலை வேறு. திருவரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம் என இன்றும் காட்டப்பெறும் இடத்தில் அவர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி. இரணியன் வதைப் படலத்தைக் கேட்டு மேட்டழகிய சிங்கர் தலையசைத்தார் என்றும் கூறுவர். அங்கிருந்த கேட்போருள் இராமகாதையின் முடிவை அறியாதவர் ஒருவரும் இரார். மறந்தவர்க்கு நினைவூட்ட வேண்டிய கடமை கம்பர்க்கில்லை. ஆயினும் அனுமன் அசோகவனத்தில் சீதைக்கு இராமன் நிலையை எடுத்துரைக்கிறான். போர் முடிந்தபின் வானவூர்தியில் மீளும் இராமன், முன்பு நடந்தும் அழுதும் கடந்த இடங்களையெல்லாம் மேலிருந்து சீதைக்குக் காட்டுகிறான். அப்படலத்தின் பெயர் மீட்சிப் படலம். போன வழியையே திரும்பக் காட்டுதல் கேட்போர்க்குச் செய்தியாகாது. துணையின்றிக் கண்ட நிலத்தைத் துணையோடு காண்பவனுக்கு அது தேவை. எம் மாணாக்கியின் பாரதம் படிப்பவர்க்கும் இது பொருந்தும். முதல்நாட் கதையை அவர் மீண்டும் சொல்வது வாராதவர்க்காக மட்டும் எனின், வந்தவர் ஏன் எழுந்து செல்வதில்லை?

மேனாட்டு நெடும்புனைவுகளில் இச்சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டனர். 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்த 1954-ஆம் ஆண்டிலேயே டோல்கீனின் மோதிரத் தலைவனைப் பற்றிய பெருங்கதை இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கியது. மூன்றாம் நூல் 1955-இல் வந்தது. ஒரே கதையை மூன்று நூலாகப் பிரித்ததால், பின் இரண்டு நூல்களின் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கம் தனியே அச்சிடப்பட்டது. நினைவூட்டும் வேலை கதைக்குப் புறத்தே நின்றது. கதை தன்போக்கில் நடந்தது. இராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய காலச் சக்கரக் கதை 14 நூலாக நீண்டது. ஆசிரியர் 2007-இல் மறைய, பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-இல் முடித்தார். இத்தகைய வரிசைகளில் புதுநூல் வரும்போதெல்லாம் முன்னவற்றை முதலிலிருந்து படிக்கும் வாசகர் பலர். நூலுக்குள் நினைவூட்டல் நிகழ்ந்தால் கதையின் ஓட்டம் தடைப்படும் என்பது ஒரு கருத்து. அக்கருத்தை மறுக்க வேண்டா. ஆனால் மலையமான் நினைவூட்டும்போது ஓட்டம் தடைப்படவில்லை என்பதையும் மறுக்க இயலாது.

எம் பழைய கருத்தில் ஒரு பகுதியை இன்னும் விடவில்லை என்று மேலே குறித்தோம். ஐந்தாம் பாகமாகிய 'தியாகச் சிகரம்' 91 அத்தியாயம் கொண்டது. முதற் பாகத்தின் 57-ஐ நோக்க இது மிக நீண்டது. கொலைக்குப்பின் வந்தியத்தேவன் பாதாளச் சிறையில் அடைபடுவதும், பைத்தியக்காரன் எனப்படும் கருத்திருமன் அங்குப் பேசுவதும், தப்புவதும் துரத்தப்படுவதும் ஆகிய பகுதிகளில் ஒரே செய்தி எவ்வித மாற்றமும் இன்றி ஒருவரிடமிருந்து இன்னொருவர்க்குச் செல்கின்றது. சொல்வோர் மாறினும் பொருள் மாறவில்லை. கேட்போன் அதனால் ஒன்றும் செய்வதுமில்லை. இங்குக் கூறியது கூறல் குற்றமே. வார இதழ் தன் பங்கை வாங்கிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். நடுவில் நாற்பது பக்கத்தை யாம் விரைந்து புரட்டினோம். ஆசிரியர் இறுதியில் முடிவுரை எழுதி, இன்னார்க்கு யாது நேர்ந்தது என வினவிய வாசகர்க்கு விடை கூறுகிறார். முந்நூறுக்கு ஏழு குறைந்த அத்தியாயங்களுக்குப் பின்னும் விடையிறுக்க வினாக்கள் எஞ்சியிருந்தமை, சொல்ல வேண்டியதைச் சில இடங்களில் அவர் சொல்லாமலும், சொல்லியதைச் சில இடங்களில் விடாமலும் சென்றார் என்பதற்குச் சான்று.

எனவே குற்றத்தையும் குணத்தையும் பிரிக்கும் கோடு எண்ணிக்கையில் இல்லை. மீட்டுரைக்கும் மாந்தர் அதனால் ஏதேனும் இழக்கிறாரா, பெறுகிறாரா, மறைக்கிறாரா என்பதை நோக்கல் வேண்டும். மலையமான் பேரனை இழக்கும் அச்சத்திற் பேசுகிறார். கந்தமாறன் நட்பை இழந்த சினத்திற் பேசுகிறான். நந்தினி தன்னை மறைத்துக்கொள்ளப் பேசுகிறாள். பாதாளச் சிறையில் பேசப்படுபவற்றுட் பலவற்றிற்கு இத்தகைய காரணம் ஒன்றும் காட்ட இயலவில்லை.

அண்மைக் காலத்து நெடும்புனைவு ஒன்றையும் இவ்விடத்துச் சிறிது நோக்குதல் தகும். செயமோகனின் 'வெண்முரசு' 2014 சனவரி முதல் நாள் தொடங்கி, நாள்தோறும் இணையத்தில் வெளிவந்து, 2020 சூலையில் 26 நாவல்களோடு நிறைவுற்றது. 'முதற்கனல்', 'மழைப்பாடல்', 'வண்ணக்கடல்' என மூன்றைப் படித்து நிறுத்திய யாம், சில ஆண்டு கழித்து மீண்டோம். இங்கு நிலை தலைகீழாக இருந்தது. பாரதக் கதை அறிந்ததே. அடுத்து என்ன நிகழும் என்பது மறக்கக்கூடியதன்று. இழந்தது செவியை. அந்நடையின் தனித்தமிழ்ச் சொல்லாக்கங்களுக்கும் நீண்ட வருணனைகளுக்கும் செவி மீண்டும் பழகுவதற்கு ஐம்பது பக்கம் ஆயிற்று. சூதர்கள் பாடும் பகுதிகள் அங்கும் முன்கதையை மீட்டுரைக்கின்றன. ஒரு சூதர் பாடியதை இன்னொருவர் மாற்றிப் பாடுகிறார். எனினும் அவை எமக்கு வாயிலாக அமையவில்லை. வாயிலாக அமைந்தது நான்காவதாகிய 'நீலம்'. இராதை கண்ணன்மேற் கொண்ட காதலைப் பாடும் அந்நாவல் முன்னைய மூன்றையும் அறியாதார்க்கும் திறந்து நிற்பது. தொடரின் உறுப்பாய் இருந்துகொண்டே தனித்து நிற்கும் நூலை நடுவில் வைத்தல், மீள்வாரை ஏற்கும் மற்றொரு முறை. இதனை விரிவாக ஆராய்வது 26 நாவல்களையும் முடித்தார்க்கே உரியது. யாம் பதினொன்றாவதில் நிற்கின்றோம். முடியாத நூலுக்குத் தீர்ப்புக் கூறிய பிழையை இன்னொருமுறை செய்ய விருப்பமில்லை.

'பொன்னியின் செல்வ'னைப் பற்றி இன்னும் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. வார இதழ்ப் பக்கங்களையும் நூற்பதிப்பையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு மீட்டுரையும் எத்தனை வார இடைவெளிக்குப்பின் வருகின்றது என அட்டவணைப்படுத்தினால், அவற்றுள் எது வாசகனின் மறதிக்காக எழுந்தது, எது மாந்தரின் தேவைக்காக எழுந்தது என்பதை ஓரளவு பிரித்தறியலாம். எம்மிடமுள்ள மூன்று கட்டுகளைக் கொண்டு இதனைத் தொடங்கியுள்ளோம். ஆனால் பைண்டு செய்தவர் ஓரங்களை வெட்டியபோது இதழின் நாளெண்கள் பல இடங்களில் அறுந்துபோயின. எஞ்சிய இரண்டு கட்டுகள் குளித்தலைப் பக்கம் எவ்வீட்டுப் பரணிலேனும் இருத்தல் கூடும். மாணாக்கியின் கட்டுரையையும் தேடினோம். அது விடைத்தாள்களோடு கழிக்கப்பட்டுவிட்டது என்று கூறினர்.